நாடகம் வைக்கிறீர்கள், கேட்க விடுகிறீர்களா? திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகையின் ஊர்த் திருவிழாக் குழுவினருக்கும், நாட்டாமைகளுக்கும், மண்டகப்படிதாரர்களுக்கும், நகரத்துச் சபாச் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

சம்பா அறுத்துக் களத்து வேலை ஓய்ந்ததில் தொடங்கி ஆடிக் கஞ்சி வார்ப்பு வரை நம் பக்கத்தில் நாடகக் காலம். வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி எல்லாம் இன்னமும் ஊர் மேடை ஏறுகின்றன. வைகாசியில் மேலட்டூரிலும் சாலியமங்கலத்திலும் பாகவத மேளா என்னும் தெலுங்கு நாட்டிய நாடகம். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சிச் சபாக்களுக்குச் சென்னைக் குழுக்கள் வந்துபோகின்றன. விடாமல் பார்க்கிறவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: நடிகர்களைப் பற்றி எங்களுக்குப் பெரிய குறை இல்லை. குரல் இருக்கிறது, பாடம் இருக்கிறது, சமயத்துக்குச் சொல் எடுக்கிற சாமர்த்தியமும் இருக்கிறது. ஆனால் பாயில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதில் பாதிகூட வந்து சேர்வதில்லை. நடுவில் நிற்பவை நீங்கள் ஏற்பாடு செய்த மைக் செட்டும், விளக்கும், நேரமும், அறிவிப்பும்தான். அதனால்தான் இந்த மடல் நடிகர் சங்கத்துக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

முதலில் அறிவிப்பு. அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு தீண்டிய மகன் லோகிதாசனை மடியில் கிடத்திக்கொண்டு சந்திரமதி விருத்தம் எடுக்கிறாள். சுடலை காக்கும் அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. மிருதங்கம் கையைக் கட்டிக்கொண்டிருக்க, ஆர்மோனியம் மட்டும் அவள் குரலுக்கு ஓரடி பின்னால் நடந்து வரும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த இடத்தில்தான் குழு மைக்கில், "மேலத்தெரு இன்னார் மகன், சிங்கப்பூர், அன்பளிப்பு ரூபாய் ஐந்நூற்றொன்று" என்று படிக்கிறார்கள். சந்திரமதி அழுகையை நிறுத்திவிட்டுக் கைகூப்ப வேண்டியிருக்கிறது. செத்துக் கிடக்கும் பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

அன்பளிப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? கலைஞர்களுக்கு அது தேவையான பணம். ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வாங்குங்கள். பபூன் என்கிற கோமாளியின் காட்சி முடிந்ததும் ஒருமுறை, தர்க்கத்துக்கு (பாத்திரங்களின் வாதப் போட்டிக்கு) முன்னால் ஒருமுறை, மங்களத்துக்கு முன்னால் ஒருமுறை என்று மூன்றே இடத்தில் படியுங்கள். குழு மைக்குக்கு மேடைக்கு வெளியே தனி சுவிட்ச் வைத்து, அதை ஆர்மோனியக்காரர் தலையசைத்தால் மட்டும் போடுவது என்று ஏற்பாடு செய்தால் சண்டையே வராது. ரூபாய் நோட்டை ஊக்கால் உடையில் குத்துவதையும் விட்டுவிடலாம். ஜரிகை கிழிகிறது. அதைவிட, மார்பில் காலர் மைக் இருந்தால் ஊக்கு உரசுகிற ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் பாக்ஸில் இடி விழுகிறது. ஒரு தாம்பாளம் போதும்.

அடுத்தது ஒலி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு கெடுதல் இங்கேதான்.

தெருவெங்கும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறீர்கள். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கம்பியில் மின்சாரமாக வருகிற பாட்டு உடனே வந்துவிடும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாய் பாடுவதற்கும் மேடைப் பக்கத்துப் பாக்ஸின் ஒலி நடந்து அங்கே வருவதற்கும் கிட்டத்தட்ட 0.3 வினாடி வித்தியாசம். நடுத்தரக் காலத்தில் பாடும் ஆதி தாளத்தில் அது அரைத் தட்டுக்குப் பக்கம். அந்தக் குழாய்ப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே வரி இரண்டு பேர் பின்னிப் பின்னிப் பாடுவதுபோலக் கேட்கும். குழாய் வேண்டுமென்றால் காலையில் பக்திப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் தொடங்கியதும் அந்த லைனைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

மேடைக்கு இரண்டு பாக்ஸ் போதும். அவை மைக் வரிசைக்கு 5 அடியாவது முன்னால், ஆள் தலைக்கு மேல் 7 அடி உயரத்தில், முகம் சற்று உள்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். இடமில்லை என்று பாக்ஸை மைக்குக்குப் பின்னால் தள்ளினால் 'கூ' என்று ஊளை கிளம்பும். சவுண்ட் சர்வீஸ்காரர் ஊளையை அடக்க வால்யூமைக் குறைப்பார். கடைசி வரிசையிலிருந்து "சத்தம் வை" என்று குரல் வரும். மறுபடி ஏற்றுவார். இரவு முழுக்க இதே கதைதான். கூட்டம் 100 அடிக்கு மேல் நீண்டால் முன்பாக்ஸை அலற விடாமல், நடுவில் இன்னொரு ஜோடி வைத்து, மிக்ஸரில் அதற்கு மட்டும் தாமதம் கொடுக்கச் சொல்லுங்கள். 100 அடிக்கு 90 மில்லி செகண்டு என்பது கணக்கு. இப்போது வரும் டிஜிட்டல் மிக்ஸர்களில் இந்த வசதி உண்டு. கேட்டால் செய்வார்கள், யாரும் கேட்பதில்லை.

பேஸ் பாக்ஸ் நாடகத்துக்குத் தேவையே இல்லை. தமிழ் காதில் பிரிந்து விழுவது மேல் ஒலியில். ல, ள, ழ பேதமும் க, ச, த வெடிப்பும் அங்கேதான் இருக்கின்றன. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் முழுக்கச் சிலேடை. ஒரு எழுத்து மங்கினால் அந்தச் சிலேடை செத்தது, கைதட்டல் செத்தது. எதிரில் நிற்பவருக்குப் பதில் எடுத்துக் கொடுத்த வார்த்தையும் வீண். மிக்ஸரில் ஒவ்வொரு பேச்சு மைக்குக்கும் கீழ் ஒலியை வெட்டும் 'லோ கட்' பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். சலங்கை கட்டி மிதிக்கும்போது பலகை மேடையில் எழும் 'தொம் தொம்'மும் பாதி குறையும். மீதிப் பாதிக்கு மைக் ஸ்டாண்டின் காலடியில் நான்காக மடித்த சாக்கு.

எக்கோ! நம் மைக் செட்காரர்களுக்கு இதன் மேல் என்ன காதலோ தெரியவில்லை. 'வேலவா' என்று ஒருமுறை கூப்பிட்டால் 'லவா, லவா' என்று மூன்று முறை திரும்பி வருகிறது. பேச்சுக்கு எக்கோ சுழி. பாட்டுக்கு வேண்டுமானால் துளி. விருத்தத்தில் பாடகர் தானே இழுத்து, தானே குழைத்து, தானே நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் எக்கோ போய்க் கொட்டிக்கொண்டிருந்தால் அவர் எங்கே நிறுத்தினார் என்றே தெரியாது. வள்ளி திருமணம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். நூறாண்டு தாண்டியும் ஊர் மேடையில் அவர் பாட்டு நிற்கிறதென்றால் அதன் சொற்கட்டு அப்படி. அதை எக்கோ போட்டு ரசம் வைக்க வேண்டாம்.

மைக் எத்தனை என்ற கேள்வி எப்போதும் வரும். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் ஊளை வராமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபெல் குறையும். அதனால் எட்டு மைக் வைத்தால் எட்டு மடங்கு நன்றாகக் கேட்கும் என்பது தப்புக் கணக்கு. நடிகர்களுக்கு மேடை முன்விளிம்பில் மூன்று ஸ்டாண்டு மைக், ஆர்மோனியக்காரர் குரலுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று. பேசாதபோது மூடிவிட வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். இரண்டு சாண் ஆனால் 6 டெசிபெல் போய்விடும். மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் ஊளை நிச்சயம், இதை டான்ஸ்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காலர் மைக் தருவதானால் மார்பில் குத்தாதீர்கள். மாலையும் பதக்கமும் அதை மூடும், முகத்தைத் திருப்பினால் குரல் காணாமல் போகும். டோப்பாவின் முன்விளிம்பில், நெற்றிமயிர் தொடங்கும் இடத்தில் ஒயரைச் செருகி, மைக் மட்டும் அரை விரல் வெளியே தெரியும்படி வைத்தால் தலை எங்கே திரும்பினாலும் குரல் கூடவே வரும். வியர்வை இறங்காமல் ஒயரில் ஒரு சின்ன முடிச்சு.

ஆர்மோனியம், கீபோர்டு இரண்டையும் சேர்த்து வைக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. பழைய ஆர்மோனியத்தின் ரீடு வருஷக் கணக்கில் கொஞ்சம் இறங்கியோ ஏறியோ இருக்கும். கீபோர்டு அளவு பிசகாது. இரண்டும் ஒரே கட்டையில் வாசித்தாலும் நடுவே 'வொய்ங் வொய்ங்' என்று ஒரு அலை அடிக்கும். பாடுகிறவர் எதைப் பிடிப்பது என்று தவிப்பார். ஆர்மோனியத்தை மேடையில் திருத்த முடியாது, கீபோர்டைத் திருத்த முடியும். எனவே கீபோர்டுதான் இறங்கி வர வேண்டும். எங்களைக் கேட்டால் கீபோர்டே வேண்டாம்.

இனி நேரம். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அதற்குப் பிறகு போலீஸ் வந்து நிறுத்தினால் நாடகக்காரர்மேல் பழி போடுவதில் நியாயமில்லை. இன்றைய வழக்கம் என்ன? சீரியல் முடியட்டும் என்று பத்தரைக்குத் திரை தூக்குகிறோம். பபூனும் டான்ஸும் ஒரு மணி வரை. சினிமாப் பாட்டு நாலைந்து. வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாட வரும்போது மணி இரண்டு. தர்க்கம் சூடுபிடிக்கும்போது மூன்றரை. அப்போது விழித்திருப்பவர்கள் ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், டீக்கடைக்காரர், அப்புறம் நாங்கள்.

விடியும்வரை நடத்துவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரருக்குக் கடைசி டவுன் பஸ் போய்விட்டால் முதல் பஸ்வரை உட்கார இடம் வேண்டும். அதனால்தான் இரண்டு இரவாகப் பிரிக்கச் சொல்கிறோம். மாலை 6:30க்குக் கடவுள் வாழ்த்து, 9:45க்குத் திரை இறக்கம். முதல் நாள் பபூன், நாரதர் வருகை, ஆலோலம், நாரதர் தர்க்கம். இரண்டாம் நாள் வேடன், கிழவர் வேடம், யானை, கல்யாணம். தளர்வும் வேண்டாம், கடைசி பஸ்ஸையும் பிடிக்கலாம். ஒரே இரவுதான் முடியும் என்றால், தளர்வு உள்ள நாளில் 7:30 முதல் 12 வரை நாலரை மணி நேரம். வாழ்த்தும் ஆர்மோனியமும் 15 நிமிடம், பபூனும் டான்ஸும் 45, மீதி மூன்றரை மணி நேரம் முழுக்கக் கதைக்கு. வெட்ட வேண்டியது சினிமாப் பாட்டை. பபூனை வெட்டாதீர்கள். ஊர் வாய்க்கால் தூர்வாராததையும் குழுத் தலைவர் கணக்கையும் மேடையிலேயே கிண்டல் செய்ய உரிமை பெற்ற ஒரே ஆள் அவர். இரட்டை அர்த்தம் கூடிப்போகிறது என்று பிறகு புகார் சொல்கிற பெரியவர்கள், முன்வரிசையிலிருந்து "அதைச் சொல்லு" என்று கேட்டவர்களும் அவர்களே என்பதை மறக்க வேண்டாம். ஆலோலத்தையும் தர்க்கத்தையும் சுருக்கச் சொல்லும் குழு நாடகத்துக்குப் பதில் பாட்டுக் கச்சேரி வைத்துவிடலாம்.

மேடை உயரம் மூன்றரை அடி. தரையில் உட்கார்ந்தவர் கண் இரண்டரை அடி உயரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தவர் கண் நாலடிக்குக் கொஞ்சம் குறைவாக. ஆகவே பாய் முன்னால், நாற்காலி பின்னால், நிற்பவர் அதற்கும் பின்னால். உபயதாரர்களுக்கு சோபா போட்டு முன்வரிசையில் உட்கார்த்துவதால் பின்னால் இருக்கும் பத்து வரிசைப் பெண்களும் குழந்தைகளும் சோபாவின் முதுகைத்தான் பார்க்கிறார்கள். யூடியூப் கேமராக்காரர்களை மேடையின் பக்கவாட்டில், மூன்றாம் வரிசைக்கு நேராக நிறுத்துங்கள். ஆடி மாதமென்றால் மேல்காற்று. மேடையை மேற்கே வைத்துக் கூட்டத்தைக் கிழக்கே உட்கார்த்தினால் காற்றே குரலைக் கொண்டுவந்து கொடுக்கும். மைக்குகளுக்குப் பஞ்சு உறை மட்டும் மாட்டிவிடுங்கள். கீற்றுப் பந்தல் கிடைத்தால் தகரக் கொட்டகை வேண்டாம், தகரம் ஒலியைத் திருப்பி அடிக்கும், கீற்று விழுங்கிக்கொள்ளும். ஆனால் கீற்றுக்கும் விளக்குக்கும் மூன்றடி இடைவெளி, ஒட்டுப்போட்ட ஒயர் கூடாது, ஜெனரேட்டர் லைனில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான். 1997இல் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல் தீயையும், 2004இல் கும்பகோணத்துப் பள்ளிக் கூரைத் தீயையும், 2022இல் களிமேட்டுத் தேரில் மின்சாரம் பாய்ந்ததையும் கண்ட மண்ணில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

விளக்கு விஷயத்தில் ஒரே ஒரு கோரிக்கை: அந்த வண்ணம் மாறும் எல்இடியைப் பாட்டுக்குத் தானே ஆடும்படி விட்டுவிடாதீர்கள். மிருதங்கத்தில் ஒரு 'தா' விழுந்தால் சுடுகாடு ரோஸ் ஆகிறது, 'தீ' விழுந்தால் பச்சை ஆகிறது. பச்சை வெளிச்சத்தில் குங்குமம் கறுப்பாகத் தெரியும். நீலத்தில் முத்துவெள்ளை ஒப்பனைப் பொடி பூசிய முகம் பிரேதக்களை அடிக்கும். அது லோகிதாசனுக்குப் பொருந்தும், வள்ளிக்குப் பொருந்துமா? மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கு நாலு, மேடைக்கு முன்னால் இரு பக்கமும் கம்பத்தில், முகத்தில் 45 டிகிரி சாய்வாக விழும்படி. பின்னால் அருவி கொட்டுகிற எல்இடி திரை வைத்தால் நடிகர்கள் நிழலாகிவிடுவார்கள்.

வெளிச்சத்தோடு வருவது பூச்சி. குறுவை வயலை ஒட்டிய மேடையில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கை மொய்க்கும், கோடை மழைக்கு மறுநாள் ஈசல். வாயைத் திறந்து மேல்ஸ்தாயி பிடிக்கும்போது தொண்டைக்குள் ஒன்று போனால் அந்தப் பாட்டு அவ்வளவுதான். வயலில் விளக்குப் பொறி வைப்பவர்களுக்கு இதன் மருந்து தெரியும். மேடைக்கு 100 அடி தள்ளி, காற்று வரும் பக்கம், வெள்ளை டியூப் லைட் ஒன்றைத் தரையோடு தரையாக எரியவிட்டு, அடியில் மண்ணெண்ணெய் சொட்டிய தண்ணீர்த் தொட்டி. பூச்சி நீல வெள்ளைக்குத்தான் ஓடும், மேடையின் மஞ்சளுக்கு அவ்வளவாக வராது.

கலைஞர்கள் மாலையே வந்துவிடுவார்கள். வேஷம் கட்ட ஒரு அறை, தாழ்ப்பாள் உள்ள கதவு, பெண்களுக்குக் கழிப்பறை, கண்ணாடிக்கு இரு பக்கமும் மேடையில் உள்ள அதே மஞ்சள் விளக்கு. டியூப் லைட்டில் பூசினால் மேடையில் நிறம் வேறாகிவிடும். குடிக்க வெந்நீரும் பனங்கற்கண்டுப் பாலும். ஐஸ் போட்ட ரோஸ்மில்க் கொடுத்து உபசரித்துவிட்டுக் குரல் கட்டியது என்று குறை சொல்வது தகுமா?

பாகவத மேளா நடத்தும் ஊர்களுக்கு வேறு வகைக் கோரிக்கை. அங்கே ஒலியும் ஒழுங்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. கோணங்கி குதித்து வந்து கட்டியம் கூறுவது, யானைமுகம் அணிந்த சிறுவன் வருவது, திரைச்சீலைக்குப் பின்னிருந்து ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய பிரவேச தருவோடு, அதாவது வருகைப் பாட்டோடு, வருவது, பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது, இதெல்லாம் கண்ணுக்கு அலுக்காத காட்சி. ஆனால் மேலட்டூர் வேங்கடராம சாஸ்திரியின் பாடல்கள் தெலுங்கு. நம் கூட்டத்தில் பலருக்குக் கதை தெரியும், வரி தெரியாது. இரணியனும் பிரகலாதனும் எதிரெதிர் நின்று வாதாடும் இடத்தில் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று அறிந்தால் அந்த அரைமணி நேரம் பறந்துவிடும். காட்சிக்கு நான்கு வரி வீதம் தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். பெரிய எழுத்தில், இருட்டிலும் படிக்கும்படி.

சபாச் செயலாளர்களுக்குச் சுருக்கமாக. நாடகம் இரண்டு மணி நேரம், நடுவில் பொன்னாடையும் உரையும் நாற்பது நிமிடம் என்றால் எது நிகழ்ச்சி? பொன்னாடையை ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். கல்யாண மண்டபத்தில் நடத்தினால் பளிங்குத் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியை உருட்டும். பின்சுவரிலும் இரு பக்கமும் கனமான திரைத்துணி தொங்கவிடுங்கள், ஒலியைக் கூட்டாதீர்கள். நவீன நாடகம் என்றாலே ஆள் வராது என்கிறீர்கள். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி நம் மயிலாடுதுறைப் பக்கத்துப் புஞ்சைக்காரர். அந்த வகை நாடகங்களுக்கு உங்கள் மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். 30 அடிக்கு 30 அடி தரை, மூன்று பக்கம் 150 பேர், மின்விசிறியை மட்டும் மெதுவாக ஓடவிடுங்கள்.

கடைசியாக நோட்டீஸ். அறுபது உபயதாரர் பெயரும் படமும் போட்டுவிட்டு, அடியில் 'இரவு நாடகம் நடைபெறும்' என்று ஒரே வரி போடுகிறீர்கள். என்ன நாடகம், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் அதே எழுத்து அளவில் போடுங்கள். யார் யாரோடு தர்க்கம் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தால் இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவோம். அடுத்த பருவத்து நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்குமுன் இந்த ஐந்தாறு வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாயில் உட்கார்ந்து பார்க்கும் சிலர்
தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம்